இடது பக்கம் நகர்ந்த மலை

மிஷின் கதவைத் தொடாதீங்க சம்பந்தி! மஞ்ச லைட் எரியுது பாருங்க, அது எரியுற வரைக்கும் உள்ள எக்ஸ்ரே ஓடுதுன்னு அர்த்தம். திறந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாது, மிஷின் தானா அணைஞ்சிடும். ஆனா இதுவரைக்கும் ஓடினது வீண், மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். என் கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுங்கன்னு கேட்டது நீங்கதானே? கேட்டாச்சில்ல, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இப்படி நாற்காலியில உக்காருங்க.

ஆமா, நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். உங்க கட்டிடத்து மண்ணு ரிப்போர்ட் பத்திப் பேசணும்னு சொன்னேன். சொன்ன உடனே வந்துட்டீங்க, சந்தோஷம். அதுக்காக, இவ இறங்கி வந்துட்டா, அடுத்த மாசம் பொண்ணு கல்யாணத்தை வெச்சுக்கிட்டு எத்தனை நாள்தான் முறுக்கிக்கிட்டு நிப்பான்னு நினைச்சுக்கிட்டு வந்திருந்தீங்கன்னா, அந்த நினைப்பை வாசல்லேயே கழட்டி வெச்சிடுங்க. செருப்பைக் கழட்ட வேணாம், அதை மட்டும் கழட்டினாப் போதும்.

என்னது, ஒரே ஒரு வார்த்தையா? நல்லா இருக்கே! மைக்கா, அதாவது தண்ணி பட்டாலும் உப்பாத சாது மண்ணுன்னு ஒரு வார்த்தை எழுதிட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு சொல்றீங்க. எல்லாருக்கும்னா யாரு யாருக்கு? உங்களுக்கு நல்லது, அதே வரிசையில நீங்க கட்டப்போற மிச்சக் கட்டிடத்துக்கு நல்லது. ஏற்கெனவே கட்டி முடிச்சதுல, கீழ்த்தளத்துக் காப்பகத்துக்குக் காலையில வந்து சாயங்காலம் போற குழந்தைங்க இருக்கே, அதுங்களுக்கு என்ன நல்லதுன்னு சொல்லுங்க. வேலைக்குப் போற பொம்பளைங்க, நம்பிக் கொண்டாந்து விட்டுட்டுப் போற பிள்ளைங்க சம்பந்தி. நடக்கத் தெரியாததெல்லாம் தவழ்ந்துக்கிட்டு இருக்கு அங்க. அதுங்க தவழுற தரைக்கு அடியில என்ன மண்ணு இருக்குன்னுதான் நான் பாத்தேன். நான் எழுதினாலும் எழுதாட்டாலும் அந்த மண்ணு அங்கதான் இருக்கும். சட்டியில இருக்கிறதுதான் அகப்பையில வரும்.

இருங்க, டீ சொல்லியிருக்கேன். குடிக்க மாட்டீங்களா? சரி, நான் குடிக்கிறேன். கோவத்துல டீயை விடுற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

ஆங், இவ்வளவு நேரம் ஆகுமான்னா, ஆகும். எக்ஸ்ரேன்னதும் ஆஸ்பத்திரியில டப்புன்னு ஒரு படம் எடுப்பாங்களே, அதுன்னு நினைச்சுட்டீங்க. இது அப்படியில்ல. மண்ணுன்னு நாம சொல்றது ஒரு பொருள் இல்ல, ஏகப்பட்ட தாது கலந்து கிடக்கு. ஒவ்வொண்ணும் அடுக்கு அடுக்கா இருக்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல எவ்வளவு சந்து இருக்கோ அதுக்குத் தகுந்த கோணத்துல எக்ஸ்ரே தெறிச்சு வரும். மிஷினோட கை மெதுவ்வா சுத்தி வரும், எந்தக் கோணத்துல நிறைய தெறிக்குதோ அங்க இந்தத் திரையில கோடு மலை மாதிரி எழும்பும். மலை எங்க நிக்குதுன்னு பாத்தா அது என்ன தாதுன்னு சொல்லிடலாம். ஆளைப் பாக்காம கைரேகையை வெச்சுச் சொல்ற மாதிரிதான். இதுல எனக்குப் பிடிச்சது என்ன தெரியுமா? அந்தக் கோட்டுக்கு யாரு சம்பந்தி, யாரு டைரக்டர்னு தெரியாது.

எங்க லேப் டைரக்டர்கிட்ட பேசிட்டீங்களா? நேத்தேவா! பேசுங்க, தாராளமாப் பேசுங்க. அவர் என்னையும் கூப்பிட்டார். ஏம்மா, சொந்தத்துக்குள்ள எதுக்கு வம்பு, சாம்பிளை வேற லேபுக்கு அனுப்பிடலாமேன்னார். அனுப்புங்க சார், எத்தனை லேபுக்கு வேணும்னாலும் அனுப்புங்க, ஆனா சாம்பிளை சூடுபடுத்தாம ஓட்டச் சொல்லுங்கன்னு சொன்னேன். போனை வெச்சுட்டார். இந்த மிஷினோட சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னே அவருக்குத் தெரியாது, பாவம். நல்ல மனுஷன்தான், ஆனா காத்தடிக்கிற பக்கம் சாயுற மனுஷன்.

என்னை வேற ஊருக்கு மாத்துவாங்களா? மாத்தட்டும். ஏதாவது ஒரு ஊர்ல ஏதாவது ஒரு லேபுல நாற்காலி போட்டுத்தானே ஆகணும். அங்கயும் மண்ணுதானே வரப்போகுது!

நீங்க இந்தத் தாளைப் பாருங்க முதல்ல. இல்ல, பாக்கணும். உங்க கட்டிடத்து மண்ணு இது. தண்ணியில கலக்கி, மணலையெல்லாம் அடியில தங்கவிட்டு, மேல கலங்கலா நிக்கும் பாருங்க, அதை எடுத்துக் கண்ணாடித் துண்டுல சொட்டுச் சொட்டா விட்டுக் காயவெப்போம். களிமண்ணோட செதிலெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி படுத்துக்கும். முதல் தடவை அப்படியே ஓட்டினோம். மலை இங்க வந்துச்சா? சரி. இதை வெச்சு மட்டும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஏன்னா ரெண்டு மூணு களி இதே இடத்துல வந்து நிக்கும். அதனால அடுத்தது கிளைக்கால். காருக்கு ரேடியேட்டர்ல ஊத்துவாங்களே, அந்த ஜாதித் திரவம். அதைக் கீழ வெச்சு, கண்ணாடித் துண்டை மேல வெச்சு, ஜாடியை மூடி ஒரு ராத்திரி விட்டுடுவோம். சாதுக் களியா இருந்தா அந்த ஆவியைச் சட்டையே பண்ணாது. உப்புற களி இருக்கே, அது அடுக்குக்கு நடுவுல இழுத்துக் குடிக்கும். குடிச்சு அகலும். அகன்றா மலை இடது பக்கம் நகரும். இப்ப ரெண்டாவது கோட்டைப் பாருங்க. முதல் கோட்டு மேலயே வெச்சுப் பாருங்க. நகர்ந்திருக்கா இல்லையா?

நகர்ந்திருக்கில்ல.

கிளைக்காலைக் குடிக்கிறது தண்ணியைக் குடிக்காதா சம்பந்தி? போன வாரம் பெய்ஞ்ச மழையை மொத்தமா அதுதான் குடிச்சிருக்கு. குடிச்சுக் குடிச்சு உப்பி, தரையைத் தூக்கியிருக்கு. வெயில் வந்தா சுருங்கி இறங்கும். ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். மேல இருக்கிற சுவரு என்ன பண்ணும்? அதுக்கென்ன இடுப்பா இருக்கு, வளைஞ்சு கொடுக்க?

இருங்க, அதுக்குத்தான் வரேன். உங்க கையில இருக்கிற பழைய ரிப்போர்ட்டுல மைக்கான்னுதான் போட்டிருக்கு, ஒத்துக்கிறேன். அந்த லேபுல பொய் சொல்லல. அவங்களுக்கு வந்த மண்ணுல மைக்கா மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். ஏன்னா இந்த உப்புற களியை உலையில போட்டு நல்லாச் சுட்டா, அடுக்கெல்லாம் அமுங்கிப் போயி, அசல் மைக்கா நிக்கிற இடத்துலயே வந்து நிக்கும். அடங்கின பிள்ளை மாதிரி. நாங்களும் கடைசியா சுட்டுத்தான் பாப்போம். ஆனா கடைசியா. முன்னாடி ரெண்டு கோடும் கையில இருந்தாத்தான் மூணாவதுக்கு அர்த்தம். அவங்ககிட்ட மூணாவது மட்டும்தான் இருக்கு. யாரோ சுட்டுக் கொடுத்திருக்காங்க.

எப்படிச் சொல்றேனா? இங்க பாருங்க. இந்த வட்டாரத்துல எங்க தோண்டினாலும் வெள்ளைக் களி கொஞ்சம் இருக்கும், கோலமாவு நிறத்துல. கயோலின்னு சொல்வோம். என் தாள்ல இதோ அதோட மலை, குண்டா நிக்குது. உங்க ரிப்போர்ட்டுல அந்த இடம் மொட்டையா இருக்கு. அந்தக் களி அவ்வளவு சூட்டைத் தாங்காது, காணாமப் போயிடும். ஒண்ணை மறைக்கப் போயி கூட இன்னொண்ணையும் சேர்த்து எரிச்சுட்டாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது சரி, சோத்தையும் சேர்த்து முழுங்கிட்டா எப்படி?

இல்லங்க, நீங்கதான் சுடச் சொன்னீங்கன்னு நான் சொல்லல. ஈரமா இருக்கேன்னு யாராவது நல்ல மனசோட அடுப்புல வெச்சிருக்கலாம். யாரு வெச்சாங்கன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை இல்ல. ஆனா இப்ப உங்களுக்குத் தெரிஞ்சாச்சு. தெரியாம இருந்த வரைக்கும் அது தப்பு. தெரிஞ்சதுக்கு அப்புறமும் மைக்கான்னு சொன்னா அதுக்குப் பேரு வேற.

சத்தம் போடாதீங்க. இந்த ரூம்ல ஏற்கெனவே மிஷினைக் குளிர்விக்கிற மோட்டார் போடுற சத்தம் போதும். பக்கத்து ரூம்ல லேப் பசங்க தராசுல எடை போட்டுக்கிட்டு இருக்காங்க.

விரிசலுக்குப் பூசிட்டீங்களா? தெரியும். பூசி, மேல பெயின்ட்டும் அடிச்சு, குழந்தைங்க பாக்குறதுக்கு யானை, வண்ணத்துப்பூச்சி எல்லாம் வரைஞ்சு விட்டிருக்கீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப அந்த யானை ரெண்டா இருக்கு. தும்பிக்கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். நான் போயிப் பாத்தேன். சமையல்கட்டுக் கதவு மூட மாட்டேங்குது. ஜன்னல் கண்ணாடி யாரும் தொடாம கீறிக்கிட்டு நிக்குது. அதெல்லாம் கூடப் போகட்டும். அந்தப் படிக்கட்டு! மாடிக்குப் போற படி, சுவரை விட்டு விலகி நிக்குது. நடுவுல என் விரலை விட்டுப் பாத்தேன், தடையில்லாமப் போச்சு. அதுக்கு அடியில என்ன போட்டு வெச்சிருக்கீங்க? தொட்டில்! நிழலா இருக்கும்னு வரிசையாத் தொட்டில். நான் கோவக்காரி, அழ மாட்டேன். அன்னிக்கு அழுதேன்.

ம்... மாசக் கடைசி வரைக்குமா? மாசக் கடைசி வரைக்கும் நான் பொறுத்துக்குவேன், நீங்க பொறுத்துக்குவீங்க, டைரக்டர் சுகமாப் பொறுத்துக்குவார். களிமண்ணு பொறுக்குமான்னு அதைத்தான் கேக்கணும். ராத்திரியெல்லாம் மறுபடியும் தூறல். நான் அனுப்புற ரிப்போர்ட் மேல போயி, ஒருத்தர் பாத்து, இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டு, ஒரு ஆளு கிளம்பி வந்து பாத்து, அதுக்குள்ள நீங்க வக்கீலைப் பிடிச்சு ஒரு தடை வாங்கி... எனக்கு இந்த ஊரு நடப்பு தெரியாதா? ஆற அமர எல்லாம் நடக்கும். மண்ணு மட்டும் ஆற அமர நடக்காது.

எங்க எழுந்திருக்கீங்க? நேரமாச்சா? காலையில எப்பவும் அந்தக் கட்டிடத்து ஆபீஸ் ரூம்லதான உக்காருவீங்க, ஒரு நாள் உக்காரலைன்னா என்ன, சுவரா விழுந்துடப் போகுது? ஐயோ, வாயில வந்துடுச்சு, விடுங்க. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்கன்னா நாளைக்கு, என் கண்ணு முன்னாடி முழுசா ஓட்டல, பாதியில என்னவோ பண்ணிட்டான்னு சொல்லுவீங்க. சொல்ல மாட்டீங்களா? உங்க வக்கீல் சொல்லுவார். வந்தது வந்துட்டீங்க, கோடு முடியட்டும், பாத்துட்டே போங்க.

கல்யாணமா? சொல்லுங்க, அதைத்தானே இவ்வளவு நேரம் நாக்கு நுனியில வெச்சுக்கிட்டு இருந்தீங்க! இந்த ரிப்போர்ட் மேல போச்சுன்னா கல்யாணம் நடக்காதுன்னு சொல்றீங்க. சரி. நானும் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. என் பொண்ணை உங்க வீட்டுல கேக்க வந்தப்ப, அம்மா எக்ஸ்ரே மிஷின் பக்கத்துல வேலை பாக்குறாங்களே, பொண்ணுக்கு ஏதாவது வியாதி கியாதி வந்திருக்குமான்னு உங்க வீட்டம்மா கேட்டாங்க. ஞாபகம் இருக்கா? நான் சிரிச்சுக்கிட்டே, பெட்டி ஈயக் கண்ணாடி போட்ட பெட்டிங்க, ஒரு துளி வெளிய வராதுன்னு சொன்னேன். அப்பவே எங்க வீட்டுக்காரர் சொன்னார், இந்தச் சம்பந்தம் வேணாம், உன் வாய்க்கும் அவங்க வாய்க்கும் ஒத்துவராதுன்னு. அவர் வாயில்லாப் பூச்சி, அவரே சொன்னார்னா பாத்துக்கோங்க. நான்தான், பையன் தங்கமா இருக்கான், பையனைத்தானே கட்டிக்கப் போறா, கட்டிடத்தையா கட்டிக்கப் போறான்னு சொன்னேன்.

இப்பவும் அதையேதான் சொல்றேன். பொண்ணைக் கொடுக்கிறவ குனிஞ்சுதான் நிக்கணும்னு எங்கயும் எழுதி வைக்கல. கல்யாணத்துக்காக நான் இந்த மலையை வலது பக்கம் தள்ளி வெச்சேன்னு வைங்க, நாளைக்கு என் பொண்ணு அந்த வீட்டுல பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளையைக் கொண்டுபோயி அந்தத் தொட்டில்ல போட்டா? அவளுக்கும் எனக்கும் நடுவுல என்ன பேச்சு மிச்சம் இருக்கும்? ஒரு மாப்பிள்ளை போனா இன்னொரு மாப்பிள்ளை, இல்லாட்டி மாப்பிள்ளையே வேணாம். அவ சம்பாதிக்கிறா, சாப்பிடுறா. எனக்கு ஒரு பயமும் இல்ல. நீங்க பயமுறுத்துறதுக்கு வேற ஏதாவது வெச்சிருந்தா எடுங்க, பாக்கலாம்.

உங்க பையன் இதுல இல்லையா? ஆமாமா, அவருக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா கிழிச்ச கோட்டைத் தாண்டினதே இல்லன்னு ஊரே சொல்லுது. நீங்க உக்காருன்னா உக்காருவார், சாவியைக் கொடுன்னா கொடுப்பார். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இருங்க, ஒரு நிமிஷம். போன் அடிக்குது. லேப் போன்தான்.

ஹலோ. ம், நான்தான். சொல்லுங்க. எல்லாருமா? மாடியில ஒரு அம்மா துணி மடிச்சுக்கிட்டு இருப்பாங்களே, அவங்க? சரி. தொட்டில்ல தூங்கிக்கிட்டு இருந்த சின்னது? தூக்கத்துலயேவா? நல்லதாப் போச்சு, எழுப்பாதீங்க. வேன் கிளம்பிடுச்சா? சரி, சரி. பால் புட்டியெல்லாம் எடுத்துக்கிட்டாங்களா? ஆமா, இங்கதான் இருக்கார். எதிர்லதான் உக்காந்திருக்கார். இல்ல, நானே சொல்லிக்கிறேன். நீங்க தண்ணி குடிங்க முதல்ல. வெச்சிடுறேன்.

என்ன பாக்குறீங்க? டீ ஆறிப்போச்சு, இருந்தாலும் ஒரு வாய் குடிங்க சம்பந்தி. இப்ப குடிக்கிறதுதான் நல்லது.

யாருன்னா, உங்க பையன்தான். கட்டிடத்தைக் காலி பண்ணிட்டாங்களாம். குழந்தைங்க எல்லாத்தையும் எங்க ஆபீஸ் கேன்டீன் மாடியில இருக்கிற பெரிய ஹாலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. நான்தான் கேட்டு வாங்கி வெச்சேன், கீழ பாறை, அதையும் பாத்துட்டேன். என் பொண்ணு வேன்ல முன்னாடி போறா. வாட்ச்மேனா? அவர் எங்க உங்களுக்குப் போன் பண்ணுவார், ரெண்டு கையிலயும் தொட்டில் தூக்கிக்கிட்டு இருந்திருப்பார்!

கத்தாதீங்க. இது அவசரப்பட்டுப் பண்ணினது இல்ல. மண்ணு தோண்டி எடுத்துக் கொடுத்ததே உங்க பையன்தான். அந்தப் படிக்கட்டுக்கு அடியில மண்வெட்டியைப் போட்டவர் அவர், பை பிடிச்சவ என் பொண்ணு. அப்பாகிட்ட மூணு தடவை சொன்னேன் அத்தை, பூசச் சொல்லிட்டார்னு என்கிட்ட வந்து நின்னார். நீங்க அந்த ஆபீஸ் ரூம்ல உக்காந்திருக்கிற வரைக்கும் ஒரு தொட்டில் நகராதுன்னு சொன்னவரும் அவர்தான். அப்பாவை எங்கயாவது உக்கார வெக்க முடியுமான்னு கேட்டார். நான் இங்க உக்கார வெச்சேன்.

நான் ஒண்ணும் இப்படி லொடலொடன்னு பேசுற ஆளு இல்ல சம்பந்தி. இந்த ரூம்ல என் குரலை இவ்வளவு நேரம் கேட்டது நீங்க ஒருத்தர்தான்.

மிஷினா? இல்லல்ல, மிஷின்ல நான் பொய் சொல்ல மாட்டேன். உள்ள ஓடுறது உங்க மண்ணுதான், கிளைக்கால் குடிச்ச துண்டுதான். வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு வெச்சேன். மெதுவா ஓட்டினா கோடு இன்னும் தெளிவா வரும், அதுல உங்களுக்கு நஷ்டம் ஒண்ணுமில்ல. அதோ பாருங்க, எழும்புது. அதே இடது பக்கம்தான்.

போறீங்களா? போங்க, இப்பப் போனாப் பரவால்ல. லைட்டும் அணைஞ்சிடுச்சு. கல்யாணத்தை நிறுத்துறதோ வெச்சுக்கிறதோ, அவங்க ரெண்டு பேரும் அங்கதான் இருப்பாங்க, நேர்லயே கேட்டுக்கோங்க.

ஆனா ஒண்ணு. அந்தக் கட்டிடத்துக்குத்தான் முதல்ல போவீங்கன்னு எனக்குத் தெரியும். போங்க, சுத்திப் பாருங்க, என்னைத் திட்டுங்க. படிக்கட்டுப் பக்கம் மட்டும் போகாதீங்க சம்பந்தி.